எஸ்பிஎம் பிள்ளைக்கு மைக்ரோஸ்கோப் வாங்கலாமா? பினாங்குல நாங்க வாங்குனத பத்தி முழு ரிவியூ

முதல்லயே பதில சொல்லிடறேன், வாங்கலாம். ஆனா எதை வாங்கறோம், எதைப் பாக்கறதுக்காக வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கணும். கோயில்லயும் கல்யாண வீட்லயும் பாக்கற அம்மாமாருங்க நிறைய பேர் இதையே கேக்கறாங்க, மக படிவம் நாலுல பயோலஜி எடுத்திருக்கா, அடுத்த வருஷம் எஸ்பிஎம் பொதுத் தேர்வு, ஆன்லைன்ல 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒண்ணு இருக்கு, 1200 மடங்கு பெருசா காட்டும்னு போட்டிருக்கான், வாங்கட்டுமான்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிட்டா நல்லதுன்னு உக்காந்துட்டேன். எனக்கு இதுல பழக்கம் உண்டு, பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில விஷுவல் இன்ஸ்பெக்ஷன் வேலை, ஷிஃப்ட் முழுக்க மைக்ரோஸ்கோப்ல கண்ண வெச்சு சோல்டர் பாக்கறதுதான் பொழப்பு, லென்ஸ் நல்லா இருக்கா இல்லையான்னு வெச்ச உடனே தெரிஞ்சிடும்.

நான் இத எடை போட்டது ஒரே ஒரு கேள்விய வெச்சுத்தான். பரிணாமம்னா என்னன்னு பிள்ளைக்கு இது கண்ணால காட்டுமா? ஏன் இந்தக் கேள்வின்னா, பள்ளிக்கூடத்துல பரிணாமம்னு சொன்னாலே குரங்கு, ஒட்டகச்சிவிங்கி கழுத்து, டைனோசர், அவ்ளோதான் மனசுல நிக்குது. பூமிக்கு வயசு 450 கோடி வருஷத்துக்கு மேல, உயிர் இருந்ததுக்கான தடயம் மேற்கு ஆஸ்திரேலியாவுல ஏறக்குறைய 350 கோடி வருஷத்துக்கு முந்தின பாறையிலயே கிடைச்சிருக்கு, நுண்ணுயிருங்க படலம் படலமா கட்டி வெச்ச கல்லு அது. விலங்குன்னு நாம சொல்றது வந்ததே கடைசி ஒரு 60 கோடி வருஷத்துல. அதுக்கு முன்னாடி நடந்த அத்தனையும், மூச்சு விடறது, வெயில்ல சாப்பாடு செய்யறது, ஒரு செல் இன்னொரு செல்லோட குடித்தனம் பண்றது, எல்லாத்தையும் கண்ணுக்குத் தெரியாததுங்கதான் செஞ்சு முடிச்சிருக்கு. இத படிச்சா மறந்துடும், பாத்தா மறக்காது. அதுக்குத்தான் காசு போடணும்.

இப்ப மெஷினுக்கு வரேன். நாங்க வாங்குனது ரெண்டு கண்ணாலயும் பாக்கற மாதிரி, கீழ எல்இடி விளக்கு, 4, 10, 40, 100னு நாலு லென்ஸ், 100 வந்து எண்ணெய் போட்டுப் பாக்கறது, 720 வெள்ளி. பெட்டி மேல 2000 மடங்குன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, அத நம்பி யாரும் வாங்காதீங்க. சாதாரண வெளிச்சத்துல பாக்கற மைக்ரோஸ்கோப் எதுவா இருந்தாலும் 0.2 மைக்ரோனவிட நெருக்கமா இருக்கற ரெண்டு புள்ளிய ரெண்டா பிரிச்சுக் காட்டாது, அது வெளிச்சத்தோட எல்லை, காசு கூட போட்டாலும் மாறாது. லென்ஸ் பக்கவாட்டுல 40க்கு பக்கத்துல 0.65, 100க்கு பக்கத்துல 1.25ன்னு இன்னொரு நம்பர் அடிச்சிருக்கும், அதத்தான் பாக்கணும், அந்த நம்பர ஆயிரத்தால பெருக்குனா எவ்ளோ வருதோ அதுவரைக்கும்தான் உருப்படியா தெரியும். அதுக்கு மேல பெருசாக்குனா மங்கல்தான் பெருசாகும். கூடவே குடுக்கற, கண்ணு வெக்கற பக்கம் மாட்டற 20 மடங்கு கண்ணாடிய நான் வெளியவே எடுக்கறதில்ல. 150 வெள்ளி பிளாஸ்டிக் லென்ஸ் சாமானுங்கள்ல இந்த நம்பரே இருக்காது, நம்பர் இல்லன்னா கைய வெக்காதீங்க.

இன்னொண்ணு, மேடைக்கு அடியில வெளிச்சத்த குவிக்கற கண்டென்சரும் அதுல வெளிச்சத்த சுருக்கறதுக்கு ஒரு ஐரிஸும் இருக்கணும். உயிரோட இருக்கற நுண்ணுயிருங்க பெரும்பாலும் கண்ணாடி மாதிரி, வெளிச்சத்த பூரா தொறந்து விட்டா ஒண்ணுமே தெரியாது, ஐரிஸ பாதிக்கு மேல மூடுனாதான் ஓரம் எல்லாம் பளிச்சுன்னு வரும். இத யாரும் சொல்லித் தராம நிறைய வீட்ல மைக்ரோஸ்கோப் அலமாரிக்குப் போயிடுது.

சரி, என்ன பாத்தோம்னு சொல்றேன், அதுதான் முக்கியம். மொத ஸ்லைடுக்கு எல்லாரும் வெங்காயத் தோல்தான் போடுவாங்க, போடுங்க, தப்பில்ல. ஆனா பிள்ளை வாய் தொறந்து நிக்கணும்னா கறையான் போடுங்க. பக்கத்து வீட்ல பழைய வாசக்கால உடைச்சப்ப உள்ள கொத்தா இருந்துச்சு, ஒரு டப்பால கட்டையோட எடுத்துட்டு வந்தோம். எது வேணும்னா, வீட்டு மரத்த திங்கற வகை, காப்டோடெர்மஸ்னு பேரு, அதுல சிப்பாய் கறையான லேசா தொட்டாலே நெத்தியிலேருந்து பால் மாதிரி வெள்ளையா ஒரு துளி விடும், அதுதான் அடையாளம். புத்துல வாழற பெரிய வகை எடுத்தீங்கன்னா நான் சொல்றது எதுவும் தெரியாது, காரணம் பின்னாடி சொல்றேன்.

தண்ணில உப்பு கொஞ்சமாத்தான் போடணும், நூத்துக்கு 0.6 பங்குதான், அந்தத் தண்ணி ஒரு சொட்டு ஸ்லைடுல விட்டு, வேலைக்கார கறையான் ஒண்ண ரெண்டு ட்வீசரால தலைப்பக்கம் ஒண்ணு வால்பக்கம் ஒண்ணு புடிச்சு இழுத்தா குடல் தனியா வந்துடும், அத சொட்டுல கீறி விட்டு கவர் கிளாஸ் போட்டுடணும். சாதா தண்ணி ஊத்துனா எல்லாம் வெடிச்சுப் போகும். வேகமா செய்யணும், ஏன்னா உள்ள இருக்கறதுங்களுக்கு நம்ம காத்தே விஷம், ஆக்சிஜன் பட்டா கொஞ்ச நேரத்துல அடங்கிடும்.

4 லென்ஸ்ல வெச்சாலே அசையுது. 10ல வெச்சதும் மக "அம்மா இது என்னம்மா" ன்னு கத்திட்டா. குடல் ஓட்டையிலேருந்து நூத்துக்கணக்குல வெளிய வருது, பெருசு, நீளம், ஒரு முனை கூர், உடம்பு முழுக்க முடி முடியா ஆயிரக்கணக்கான கசை இழை, அதுங்க அசையறப்ப கெடா பக்கம் நெல்லு வயல்ல காத்து அடிச்சா ஓடுமே அந்த அலை, அதே மாதிரி முன்னாலேருந்து பின்னால ஓடுது. இதுதான் சூடோட்ரைக்கோநிம்ஃபா, ஒரே செல்லால ஆன உயிர். அதுக்கு நடுவுல கொஞ்சம் சின்னதா, திருகாணி போட்ட மாதிரி சுத்திச் சுத்தி வரிசையா இழை வெச்சுக்கிட்டு உருண்டுக்கிட்டே போறது ஹோலோமாஸ்டிகோடாய்டஸ், இன்னும் சின்னது கோனோநிம்ஃபா, பழைய புத்தகங்கள்ல ஸ்பைரோட்ரைக்கோநிம்ஃபான்னு இருக்கும். 40க்கு மாத்திப் பாருங்க, வயித்துக்குள்ள மரத்தூள் துண்டு துண்டா கெடக்கறது நல்லாவே தெரியும். நம்ம வீட்டு வாசக்கால்தான் அது.

கறையான் மரத்த தின்னுது, ஆனா செரிக்க வெக்கறதுல பெரும் பங்கு இதுங்களோடது. இதுங்களையே அழிச்சுட்டு கறையான மட்டும் உயிரோட விட்டா என்ன ஆகும்னு அமெரிக்காவுல கிளீவ்லாண்டுன்னு ஒரு ஆய்வாளர் 1920கள்லயே செஞ்சு பாத்துட்டாரு, மரம் முன்னாடி இருக்கு, கறையானும் தின்னுது, ஆனா சில வாரத்துல பட்டினியில சாகுது. இதவிட ஆழமா ஒண்ணு இருக்கு. கறையான் தோல் உரிக்கறப்ப குடலோட உள் தோலும் சேந்து கழண்டுடும், உள்ள இருந்த அத்தனையும் போயிடும். மறுபடி வேணும்னா கூட்டத்துல இன்னொரு கறையானோட பின்பக்கத்துலேருந்து வாங்கித் தின்னுதான் ஆகணும். தனியா வாழவே முடியாது. கறையான் கூட்டமா வாழ ஆரம்பிச்சதுக்கே இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் வழி போட்டிருக்கும்னு அதே கிளீவ்லாண்டு 1930கள்ல சொன்னாரு. கறையான் எறும்பு சாதி இல்ல, கரப்பான் சாதி, மரம் திங்கற ஒரு கரப்பான் வகை இருக்கு, அதோட குடல்லயும் இதே குடும்பத்து உயிருங்கதான் இருக்கு, அந்தக் கரப்பானும் தாய் தகப்பனோட குஞ்சுங்க சேந்து வாழற வகை. ராஜா, ராணி, சிப்பாய்னு ஒரு ராஜ்ஜியமே உருவானதுல குடல்ல இருக்கறதுங்களுக்கு பங்கு இருக்குன்னா யோசிச்சுப் பாருங்க.

இன்னும் உள்ள போகலாம், ஆனா அதுக்கு நம்ம மைக்ரோஸ்கோப் பத்தாது. அந்த சூடோட்ரைக்கோநிம்ஃபாவோட செல்லுக்குள்ளயே பாக்டீரியா குடியிருக்கு. பார்மோசா கறையான்ல இருக்கற வகைய எடுத்து அந்த பாக்டீரியாவோட முழு ஜீனோமையும், அதாவது மரபு எழுத்து பூராவையும், ஜப்பான் ஆய்வாளருங்க 2008ல படிச்சாங்க, காத்துல இருக்கற நைட்ரஜன புடிச்சு சத்தா மாத்தற வேலை அதுதான் செய்யுது. மரத்துல நைட்ரஜன் ரொம்ப கம்மி, அது இல்லாம கறையான் உடம்பு வளராது. கறையானுக்குள்ள ஒரு உயிர், அதுக்குள்ள இன்னொரு உயிர், மூணும் சேந்ததுதான் நம்ம கண்ணுக்கு ஒரு பூச்சியா தெரியுது.

புத்து கறையான் வேணாம்னு சொன்னேன்ல, அதுங்க இந்தக் கூட்டத்த கைவிட்டுட்டு வேற கூட்டாளிய புடிச்சதுங்க. மேக்ரோடெர்மஸ் மாதிரி வகைங்க புத்துக்குள்ள காளான் தோட்டம் போட்டு அத வெச்சு செரிக்க வெக்குது. மழைக்கு அப்புறம் ரோட்டோரத்துல செண்டாவான் பூசுட் விப்பாங்கல்ல, நாம பெரட்டி சாப்பிடறது அந்தத் தோட்டத்துலேருந்து முளைச்சு வந்த காளானத்தான்.

அடுத்து பச்சை. இதுக்கு கறையான் அளவுக்கு பரபரப்பு இருக்காது, ஆனா என்னக் கேட்டா இதுதான் பாடத்தோட உச்சம். மீன் கடையில தொட்டிக்குப் போடற ஹைட்ரில்லா செடி ஒரு கொத்து வாங்கி, நுனிப் பக்கத்து இலை ஒண்ண அப்படியே ஸ்லைடுல வெச்சு 40ல பாருங்க, வெட்டவே வேணாம், இலையே அவ்ளோ மெலிசு. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் பச்சை உருண்டைங்க, குளோரோபிளாஸ்ட், விளக்கு சூட்டுல கொஞ்ச நேரம் விட்டா செல் சுவர ஒட்டி வரிசையா நகர ஆரம்பிக்கும். அப்புறம் லோங்காங் (சாக்கடை) ஓரத்துலயோ பூந்தொட்டி அடியிலயோ கரும்பச்சையா வழவழன்னு படிஞ்சிருக்கும் பாருங்க, அத ஊசி முனையில எடுத்து இன்னொரு ஸ்லைடுல வைங்க. நூல் நூலா தெரியும், கட்டம் கட்டமா பிரிஞ்சிருக்கும், கால் இல்ல இழை இல்ல, ஆனா மெதுவா வழுக்கிக்கிட்டே போகும். சயனோபாக்டீரியா. நிறம் கொஞ்சம் நீலம் கலந்த பச்சை, மத்தபடி ரெண்டு ஸ்லைடையும் மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தா சொந்தக்காரங்கன்னு மனசு சொல்லும். நிஜமாவே சொந்தந்தான். இலைக்குள்ள இருக்கற அந்த உருண்டையோட முன்னோர், ஒரு காலத்துல தனியா திரிஞ்ச சயனோபாக்டீரியா.

இத 1905லயே மெரெஷ்கோவ்ஸ்கின்னு ஒரு ரஷ்ய ஆய்வாளர் சொன்னாரு, யாரும் பெருசா எடுத்துக்கல. 1967ல அமெரிக்காவுல லின் மார்குலிஸ், அப்ப இன்னும் முப்பது வயசு ஆகாத பொண்ணு, சின்னப் பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு எழுதுன கட்டுரை, குளோரோபிளாஸ்ட் மட்டும் இல்ல, நம்ம செல்லுல சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்துல தனி பாக்டீரியாதான்னு அடிச்சு சொன்னாங்க. அது அச்சாகறதுக்கு முன்னாடி ஏறக்குறைய பதினஞ்சு ஜர்னல் திருப்பி அனுப்பிடுச்சுன்னு அவங்க சொல்வாங்க. 1970கள்ல மரபு எழுத்த படிச்சுப் பாக்கற வசதி வந்ததும் அவங்க சொன்னது நிரூபணம் ஆச்சு. மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்னைக்கும் தனி டிஎன்ஏ இருக்கு, பாக்டீரியா மாதிரியே வளையமா, மனுஷனுக்கு அதுல 37 ஜீன், அம்மாகிட்டேருந்து மட்டும் வர்றது. தானே ரெண்டா பிளக்கும். இத என் மகளுக்கு சொன்னப்ப அவ கைய திருப்பித் திருப்பிப் பாத்தா, எனக்கு அந்த மூஞ்சிய பாத்ததே போதும், 720 வெள்ளி வீணாகல.

அந்த லோங்காங் பச்சைக்கு இன்னொரு பெரிய பங்கு இருக்கு. ஆரம்பத்துல பூமி காத்துல ஆக்சிஜனே கிட்டத்தட்ட இல்ல. இதோட மூதாதைங்கதான் தண்ணிய உடைச்சு ஆக்சிஜன வெளிய விட்டு விட்டு, ஏறக்குறைய 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி காத்தையே மாத்திடுச்சுங்க. அப்ப இருந்த நிறைய உயிருக்கு அது விஷம். கறையான் குடல்ல இருக்கறதுங்க காத்து பட்டா சாகுதுன்னு சொன்னேன்ல, அதுங்களும் ஆக்சிஜன் இல்லாத மூலையா பாத்து வாழறதுங்க, அதுங்ககிட்ட மைட்டோகாண்ட்ரியா கூட உருமாறி ஹைட்ரஜன் விடற சின்ன பையா ஆகிடுச்சு. ஒரே நாள்ல இந்த ரெண்டு ஸ்லைடையும் வெச்சுப் பாக்கறதுதான் நல்லது, ஒண்ணு காத்த மாத்துனது, இன்னொண்ணு மாறுன காத்துலேருந்து ஒளிஞ்சுக்கிட்டது.

செல்லுக்குள்ள குடி வந்தது பாக்டீரியான்னு தெரியும், அத உள்ள ஏத்துக்கிட்ட வீட்டுக்கார செல் யாருன்னு ரொம்ப நாள் தெரியல. 1977ல கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பாக்டீரியா மாதிரியே இருக்கற சிலது பாக்டீரியாவே இல்ல, தனி வம்சம்னு காட்டுனாங்க, ஆர்க்கியான்னு பேரு. 2015ல வட அட்லாண்டிக் ஆழ்கடல் சேத்துலேருந்து நம்ம செல்லுக்கு நெருங்குன சொந்தமான ஆர்க்கியாவோட ஜீனோம் கிடைச்சுது, அந்த வம்சத்துல ஒண்ண ஜப்பான்ல 12 வருஷம் பொறுமையா வளத்து 2020ல வெளியிட்டாங்க. எஸ்பிஎம்ல இவ்ளோ கேக்க மாட்டாங்க, ஆனா பிள்ளைக்கு தெரிஞ்சிருக்கட்டும்.

இப்ப 100 லென்ஸ், எண்ணெய் போட்டுப் பாக்கறது. இதுல எனக்கு முழு திருப்தி இல்ல, நடுவுல சுமாரா தெளிவு, ஓரத்துக்குப் போனா மங்கிடுது, நிறமும் கொஞ்சம் பிரியுது. இந்த விலைக்கு இவ்ளோதான் வரும்னு எனக்குத் தெரியும், ஆனா விளம்பரத்துல போடற படத்த பாத்து வாங்கறவங்க ஏமாறுவாங்க. புளிச்ச தோசை மாவு ஒரு துளிய தண்ணில கரைச்சு, ஸ்லைடுல மெலிசா தடவி, காய வெச்சு, சூடு காட்டி, மெத்திலீன் புளூ ஒரு சொட்டு விட்டு கழுவிட்டுப் பாருங்க. அந்த நீல மருந்து மீன் கடையிலயே கிடைக்கும், மீனுக்கு பூஞ்சை புடிச்சா ஊத்தறது. நீலமா சின்னச் சின்ன புள்ளிங்க சங்கிலி கோத்த மாதிரி தெரியும், மாவ பொங்க வெக்கற லியூகோநாஸ்டாக் மாதிரி வகைங்க அப்படித்தான் இருக்கும். தெரியும், அவ்ளோதான், அசந்து போற மாதிரி இருக்காது. பாக்டீரியா பாக்கணும்னு மட்டும் வாங்கறதா இருந்தா இந்த விலைல வாங்காதீங்க. தயவு செஞ்சு வீட்ல பெட்ரி டிஷ் போட்டு கண்டதையும் வளக்கவும் விடாதீங்க, என்ன வளருதுன்னு நமக்குத் தெரியாது.

கூட வந்த ரெடிமேட் ஸ்லைடுங்கள்ல பாதி குப்பை, லேபிளும் ஸ்லைடும் பொருந்தல. மனுஷ ரத்தம் மட்டும் நல்லா இருக்கு. அத வெச்சு ஒரு நல்ல பேச்சு நடந்துச்சு வீட்ல, ஏன்னா நம்ம ஊர்ல படிவம் நாலு பிள்ளைங்களுக்கு தலசீமியாங்கற பரம்பரை ரத்தக் குறைபாட்டுக்கு பரிசோதனை உண்டு, என் மகளுக்கும் எடுத்தாங்க. ஏன் இந்த குறைபாடு இந்தப் பக்கத்து சனங்களுக்கு இவ்ளோ இருக்குன்னு கேட்டா, ஹால்டேன்னு ஒரு ஆய்வாளர் 1949 வாக்குலயே சொன்ன பதில் இருக்கு, மலேரியா. அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேருந்து வந்த ஜீன் மட்டும் மாறியிருந்தா மலேரியாவ தாங்கற சக்தி கொஞ்சம் கூட, அதனால மலேரியா இருந்த ஊர்ல அந்த ஜீன் தங்கிடுச்சு. ஒரு நுண்ணுயிர் மனுஷ ரத்தத்தையே மாத்தி எழுதியிருக்கு. நம்ம தாத்தா பாட்டிங்க கித்தா (ரப்பர்) தோட்டத்துல மலேரியாவுல எவ்ளோ கஷ்டப்பட்டாங்கன்னு கேட்டு வளந்தவங்களுக்கு இது வெறும் பாடம் இல்ல.

பாக்க முடியாததையும் சொல்லிடணும், இல்லன்னா ரிவியூ நியாயமா இருக்காது. பாக்டீரியா ஒண்ணுக்கு ஒண்ணு ஜீன பக்கவாட்டுல கைமாத்தறது இதுல தெரியாது, 1950களோட கடைசில ஜப்பான்ல வயித்துப்போக்கு கிருமிங்க ஒரே நேரத்துல பல மருந்துக்கு அசராம போனது இந்த கைமாத்தலாலதான். டாக்டர் குடுத்த ஆன்டிபயாட்டிக்க அடுத்தவங்களுக்கு குடுக்காதீங்கன்னு சொல்றதுக்குப் பின்னாடி இருக்கற பரிணாமம் அது. ரிச்சர்ட் லென்ஸ்கின்னு ஒரு ஆய்வாளர் 1988 பிப்ரவரியில கலிபோர்னியாவுல ஆரம்பிச்ச சோதனையும் இதுல பாக்கற விஷயம் இல்ல. ஒரே ஈகோலை பாக்டீரியாவ 12 குடுவையா பிரிச்சு தினமும் புது தண்ணிக்கு மாத்திக்கிட்டே வந்தாங்க, 500 தலைமுறைக்கு ஒரு தரம் கொஞ்சத்த உறைய வெச்சாங்க, 31,000 தலைமுறை தாண்டினப்ப ஒரே ஒரு குடுவையில மட்டும், ஈகோலை ஆக்சிஜன் இருக்கறப்ப தின்னவே தின்னாத சிட்ரேட்டுங்கற உப்ப திங்க ஆரம்பிச்சுது. உறைய வெச்ச பழைய தலைமுறைய எழுப்பி மறுபடி ஓட விட்டா சிலதுல திரும்ப வருது, ரொம்பப் பழசுல வரல, அப்ப முன்னாடியே ஏதோ ஒரு மாத்தம் நடந்து வழி தொறந்து வெச்சிருக்கு. பரிணாமம் நடக்கறத யார் பாத்தான்னு கேக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன், தேதி போட்டு ஃப்ரீஸர்ல இருக்கு.

நம்ம ஊர் கதையும் ஒண்ணு. கொசுவோட செல்லுக்குள்ள வாழற வோல்பாக்கியாங்கற பாக்டீரியா, 1924ல கண்டுபுடிச்சது, தாய் முட்டை வழியாத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். அது இருக்கற ஆண், இல்லாத பெண்ணோட சேந்தா முட்டை பொரியாது, இருக்கற பெண்ணுக்கு எந்தத் தடையும் இல்ல, அதனால தானா பரவுது. கோலாலம்பூர் ஐஎம்ஆர் (மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) காரங்க இந்த வோல்பாக்கியா ஏத்துன ஏடிஸ் கொசுவ கிரேட்டர் கேஎல் பக்கம், கெராமாட் ஏயு2, ஷா ஆலாம் மாதிரி இடங்கள்ல விட்டுப் பாத்தாங்க, டெங்கி 40 விழுக்காடு அளவுக்கு குறைஞ்சதா 2019ல வெளியிட்டாங்க. கொசுவ வீட்டு மைக்ரோஸ்கோப்ல வெச்சா மீசையும் செதிலும் அழகா தெரியும், வோல்பாக்கியா தெரியாது, அதுக்கு சாயமும் வேற மெஷினும் வேணும். தெரியலன்னாலும் கொசுப்புழுவ ஸ்லைடுல வெச்சுக்கிட்டு இந்தக் கதைய சொல்லுங்க, பிள்ளைங்க கேக்கும்.

குறைங்க சிலது. எல்இடி வெளிச்சம் ரொம்ப நீலம், நேரம் ஆனா கண்ணு உறுத்தும், நான் மஞ்சள் ஃபில்டர் ஒண்ணு போட்டுட்டேன். போன் மாட்டற கிளிப் ஆட்டம், கையால புடிக்கறதே மேல். வந்த புதுசுல பெரிய ஃபோகஸ் குமிழ் தானா இறங்கிக்கிட்டே இருந்துச்சு, கடைக்கு எடுத்துட்டுப் போனேன், அங்க வேலை செய்யற நம்ம தம்பி "அக்கா, பயப்படாதீங்க, இது டென்ஷன் வளையம் லூஸ்" ன்னு உக்கார வெச்சு முறுக்கிக் குடுத்து, அடுத்த தடவ வீட்லயே எப்படி செய்யறதுன்னும் காட்டுனாரு. காசு வாங்கல.

பினாங்கு ஈரத்துக்கு கவனம் வேணும், இத ரொம்ப அழுத்தி சொல்றேன். லென்ஸ்ல பூஞ்சை புடிச்சா இழை இழையா ஓடி மேல் பூச்சையே அரிச்சிடும், அப்புறம் துடைச்சாலும் போகாது. துணி உறை மட்டும் போட்டு அலமாரியில வெக்காதீங்க. காத்து புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ள சிலிக்கா ஜெல், ஈரம் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு, கேமரா கடையில கேட்டா எல்லாமே கிடைக்கும். எண்ணெய் லென்ஸ பாத்து முடிச்ச உடனே லென்ஸ் பேப்பரால துடைக்கணும், டிஷ்யூ வேணாம், கீறும்.

கடை ஜார்ஜ்டவுன்ல, லிட்டில் இந்தியாவுலேருந்து நடந்தே போற தூரம், பள்ளிக்கூட லேப் சாமான் போடற பழைய கடை. முதலாளி சீன அங்கிள், மலாய்ல பேசுவாரு, நம்ம தம்பி தமிழ்ல பேசுவாரு. எனக்குப் புடிச்சது, வாங்கறதுக்கு முன்னாடி பெட்டிய பிரிச்சு வெளிய வெச்சு, நீங்களே பாருங்கன்னு விட்டுட்டாரு, விலை கூடுன மாடல தலையில கட்டப் பாக்கல, மாறா "வீட்டுக்குத்தானே, இதே போதும்" ன்னுட்டாரு. விலை ஆன்லைன விட கொஞ்சம் கூட, ஆனா ரிப்பேருக்கு ஆள் இருக்கு. ஆன்லைன்ல வாங்குனா அந்த ஃபோகஸ் குமிழுக்கு யார்கிட்ட போவீங்க?

படிவம் நாலு அஞ்சு பிள்ளைங்களுக்கும், ஆறாம் வகுப்பு பிள்ளை ஆர்வமா இருந்தா அதுக்கும் தாராளமா வாங்கலாம். ஒரே தாமான்ல (குடியிருப்புல) நாலு குடும்பம் சேந்து காசு போட்டு ஒண்ணு வாங்கறதும் நல்ல யோசனை, தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கம் எடுத்து செஞ்சா இன்னும் நல்லது. போறப்ப ஒரு குப்பியில லோங்காங் பச்சையும் கொஞ்சம் தண்ணியும் கொண்டு போய் அங்கயே 40 லென்ஸ்ல வெச்சுப் பாருங்க, நூல்ல கட்டம் பிரிஞ்சு தெரிஞ்சா லென்ஸ் நல்லது, தெரியலன்னா வேற பீஸ் கேளுங்க, மாத்தித் தருவாரு. ஞாயித்துக்கிழமை கடை அடைப்பு. கவர் கிளாஸ் ரெண்டு பெட்டியா வாங்கிக்குங்க, பிள்ளைங்க கையில சீக்கிரம் உடையும்.